அண்ணாவின் கலியாணத்துக்கு நான் கொடுத்த சத்தம்

எங்கள் வீட்டு ரீவியில் படம் வரும், சத்தம் வராது. பாரிசில் நடந்த அண்ணாவின் கலியாண டிவிடி வரும்வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நயினாதீவுத் திருவிழாவுக்குப் பாரிசிலிருந்து வந்த ஒருவர் அதைப் புங்குடுதீவுக்குக் கொண்டுவந்து தந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விசா கிடைக்காததால் அந்தக் கலியாணத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஞாயிறு பின்னேரம் வாருங்கள் என்று அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணா விட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டியை டிவிடி பிளேயரோடு பொருத்துவது என் பொறுப்பென்று நான் அதே ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"உனக்கு ஏலுமோடி?" என்றார் மாமி.

"ஓம் மாமி, சுகமான வேலை."

ஞாயிறன்று கதிரைகள் நிறைந்து, மிச்சப்பேர் பாயில் இருந்தார்கள். மஞ்சள் வயரை ரீவியில் செருகினேன். படம் வந்தது. சிவப்பையும் வெள்ளையையும் ஸ்பீக்கர் பெட்டியில் செருகினேன். ஒரு முனகல்கூட இல்லை. கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். மாமி கழுத்தை நீட்டி என்னையே பார்த்தார். அண்ணாவின் பெட்டியை நான் பழுதாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். கைவேர்வையில் வயர் வழுக்கியது.

அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. கதிரை நுனியில் இருந்து விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது பொம்பிளையின்ர தேப்பன். இது எங்கட அக்கா. என்ர மகனுக்கு வேட்டி சால்வை எல்லாம் நான் சொன்னபடிதான் எடுத்தவ. நீ விடு பிள்ளை, நான் சொல்லுறன்தானே."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த வீம்பில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் சிவப்பு வெள்ளைத் துளைகள் இரண்டு சோடி இருந்தன. சத்தம் உள்ளே போகிற சோடியை விட்டு, வெளியே போகிற சோடியில் செருகியிருந்தேன். மாற்றியதும் நாதஸ்வரமும் தவிலும் வீடு அதிர வந்தன. சந்தோசத்தில் துள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் மேளம் ஓய்ந்து, யாரோ மைக்கில் பேசினார். "அடுத்ததாக, மணமகனின் அன்புப் பெற்றோரை மேடைக்கு அழைக்கிறோம்!"

அம்மா தன் அக்கா என்று காட்டிய பெரியம்மாவும் பெரியப்பாவும் கைகூப்பியபடி ஏறினார்கள். மண்டபம் முழுவதும் கைதட்டியது.

எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் சத்தத்தின் தெளிவில் வாயடைத்துப் போனார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். எல்லோர் கையிலும் ஏற்கெனவே தேத்தண்ணி இருந்தது.

"சத்தத்தைக் குறை பிள்ளை" என்றார் மாமி. பொறாமை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

அதன்பிறகு பல நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாவின் குரல் வாசலுக்குக் கேட்கும். ரீவிக்கு முன்னால் தனியே இருந்து, இது பொம்பிளையின் தேப்பன், இது எங்கட அக்கா என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெட்டிக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் கழன்று தொங்கும். வயர் தளர்ந்துபோய்விட்டதென்று எனக்கு ஒரே பதற்றம். மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரர் எடுத்து இறுக்கி ஒட்டினேன். மறுநாள் அந்தப் பிளாஸ்ரர் கிழியாமல் உரிக்கப்பட்டு, பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. புழுக்கத்துக்கு விட்டிருக்கும் என்று நினைத்து, இன்னும் நீளமான துண்டாக வெட்டினேன்.