ஒரு விரல் தள்ளி விழுந்த கோடு

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கதிர் சிகிச்சை இயந்திரத்தின் கீழே வலப்பனையிலிருந்து வந்த ஓர் அம்மா அசையாமல் படுத்திருந்தார். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவரை இறக்கிவிட்டு, அடுத்தவரின் பெயரைக் கூப்பிடும் முன்புதான் எடுத்தேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்து உதவியாளர் தர்ஷினி. "சேர், மிஸ் போயிட்டாங்க" என்றாள். இருதய சத்திரசிகிச்சை முடிந்து அன்று ஒன்பதாம் நாள். நான் "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள், என்ன செய்ய?

தர்ஷினி மிஸ் என்று கூப்பிடும் கலாநிதி மாரியாயியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரோடு ஆய்வு செய்தவர்கள், அவரிடம் கையெழுத்து வாங்க அலைந்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், எல்லோருக்கும். நல்ல வார்த்தைகளை மட்டும் கோத்து ஓர் அஞ்சலி எழுத எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு விஷயம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாமல் கிடந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர் அவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாசிக்க இலேசாக இருக்கும் என்று ஒரு பேராசிரியர் சொன்னாராம். "மாரியாயின்னு வாசிக்கத் தெரியாதவரு உள்ள இருக்கிறத எப்புடி சேர் வாசிப்பாரு?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பேராசிரியர் நல்ல மனிதர். பிறகு அவரே இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய ஆராய்ச்சி ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியது. மார்பில் புற்றுநோய்க்காகக் கதிர் பாய்ச்சும்போது, பின்னாலேயே இருக்கும் இருதயத்தின் கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, என்ன ஆகிறது? நோய் போய்விடுகிறது, ஆள் பிழைத்துவிடுகிறார், பத்து இருபது வருடம் கழித்து இருதயம் ஏன் மக்கர் பண்ணுகிறது? அட்டனில் ஒரு கூட்டத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு இதை அவர் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். "கதிர் பட்ட கலம் ஒடனே சாகாதுங்க. காலையில பெரட்டுக்கு வந்து நிக்கும். பேர் குடுக்கும். ஆனா மலைக்கு ஏறாது, ஒரு கொழுந்து கிள்ளாது. கண்டாக்கையாவுக்கு ரொம்ப நாளைக்குத் தெரியவே தெரியாது." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலை ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவை அப்படி ஏமாற்றும் ஆட்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இருதய சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கப்படும் வால்வுத் துண்டுகளை வாங்கிவரப் பெரும்பாலும் அவரே போவார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒருநாள் கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "மாளுத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார், மீனா என்று. "மீன் இல்ல தம்பி, ஒரு ஆளோட இருதயத்துத் துண்டு" என்று இவரும் சிங்களத்திலேயே சொல்ல, பக்கத்துச் சீட்டு மூன்றும் காலி. அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் பெட்டிக்கென்றே ஒரு சீட்டுப் பிடித்து வைப்பார், யாரையும் உட்காரவிட மாட்டார். மாரியாயியின் சாவு வீட்டுக்கு வந்து, வாசலோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர் அவர்தான். உங்களில் பலர் யாரோ என்று பார்த்தீர்கள்.

ஒவ்வொரு துண்டோடும் ஒரு படிவம் வரவேண்டும். நோயாளி எப்போது, எங்கே, எப்படிக் கதிர் சிகிச்சை பெற்றார் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். ஒருமுறை இளம் வைத்தியர் ஒருவர் அந்தக் கட்டத்தை உத்தேசமாக நிரப்பி அனுப்பிவிட்டார். மாரியாயி அந்தத் துண்டை ஆய்வுக்கே எடுக்கவில்லை. அவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்த இழையத் துண்டு! "தெரியாதத தெரியாதுன்னு எழுதுங்க. தெரிஞ்சத மறைக்காதீங்க. அவ்வளவுதான் விஞ்ஞானம், மத்ததெல்லாம் மெசினு பாத்துக்கும்" என்றார். இன்னொரு சட்டமும் உண்டு. காலிக் கட்டத்துக்குக் கீழே அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட மாட்டார். எவ்வளவு பெரிய ஆள் வந்து அவசரப்படுத்தினாலும் மாட்டார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மாரியாயி என்னிடம் நோயாளியாக வந்தார். இடது மார்பில் புற்றுநோய். அப்போதுதான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தார், தாவரக் கலங்களைப் பற்றி. இருதயத்தைப் பற்றி ஒரு நினைப்பும் அன்றைக்கு அவருக்கு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். எங்களிடம் பழைய கோபால்ட் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. கதிர் விழவேண்டிய இடத்தை வைத்தியர் தோலில் ஊதா மையால் கோடு போட்டுத் தருவார். சிகிச்சை முடியும்வரை அந்தக் கோட்டில் தண்ணீர் படக்கூடாது. கோடு அழிந்தால் மறுபடி அளந்து போடவேண்டும். அதற்கு வரிசையில் கடைசிக்குப் போகவேண்டும். இயந்திரம் அடிக்கடி படுத்துக்கொள்ளும் காலம், கடைசிக்குப் போனால் எப்போது முறை வருமென்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பெரியப்பா இறந்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, அது எங்கள் லயத்து வழக்கம். கோட்டைக் காட்டி மாரியாயி சொல்லிப் பார்த்திருக்கிறார். அம்மா கேட்கவில்லை. "தீட்டோட உள்ள வந்தா ஒன் ஒடம்புக்குத்தான் ஆகாது, போய்க் குளிச்சிட்டு வா" என்று தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பியிருக்கிறார். கோடு போய்விட்டது. திங்கட்கிழமை இடம் போய்விடுமே என்ற பயத்தில், தேயிலை மூட்டைகளில் தோட்டத்துப் பெயர் பதிக்கும் மையை அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவர, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, மிச்சமிருந்த தடத்தைப் பார்த்துத் தானே கோடு போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. என் அப்பாவும் தொழிற்சாலை வேலையாள்தான். அந்த மை அவர் விரல் நகத்தில் எப்போதும் இருக்கும். எனக்குத் தெரியாமல் போகுமா? நன்றாகத் தெரிந்தது. வெளியே வரிசை. சொன்னால் இந்தப் பிள்ளையின் இடம் போய்விடும், வைத்தியர் எல்லோர் முன்னாலும் கத்துவார், தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னால் புரியாது என்று இன்னொருதரம் சொல்வார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பேசாமல் கதவைச் சாத்திவிட்டு இயந்திரத்தைப் போட்டேன். செவ்வாய், புதன், வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமையும் போட்டு முடித்த பிறகுதான் வாராந்தச் சோதனைக்கு வைத்தியர் வந்தார், அளந்தார். கோடு ஒரு விரல் தள்ளி இருந்தது, இருதயத்தின் பக்கமாக. யார் போட்டது என்று கேட்டார். மாரியாயி பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சரியான கோட்டைப் போட்டுவிட்டுப் போனார். கோப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வைத்தியரும் இப்போது உயிரோடு இல்லை.

போன வருடக் கடைசியில் மாரியாயி என் அறைக்கு வந்து, நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

"அண்ணே, என் வால்வு கல்லு மாதிரி ஆயிருச்சாம். மாத்தணும்கிறாங்க" என்றார்.

"மாரியாயி, அன்னைக்கு அந்த மை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே. குனிஞ்சு மோந்து பாத்தீங்கல்ல? நா கண்ண மூடிக்கிட்டிருந்தேன்னு நெனச்சீங்களா?"

"தெரிஞ்சுமா இத்தன வருசம் கேக்காம இருந்தீங்க?"

"நீங்க ஏன் சொல்லல? அதே காரணந்தான். எடம் போயிரும். அன்னைக்கு என் எடம், பொறகு ஒங்க எடம்."

"அதனாலதான் இது வந்துச்சா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த அஞ்சு நாளாலயா, சரியா விழுந்த மத்த நாளாலயா, எங்கப்பாவுக்கு இருந்த நெஞ்சு வலியாலயா, யாருக்குண்ணே தெரியும்? தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க, எனக்குப் புடிக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வெட்டி எடுக்கறத நம்ம ஆய்வுகூடத்துக்கே குடுக்கச் சொல்லிட்டேன். படிவமும் அங்கதான் இருக்கு. ஆனா என் ஃபைல்ல அந்த அஞ்சு நாள் இல்ல. நீங்க வந்து எழுதிக் குடுக்கணும்."

"நீங்களே எழுதலாமே?"

"நா கோடு போட்டவ. கண்டது நீங்க. கண்டவங்கதான் எழுதணும். ஆபரேசனுக்கு முன்னுக்கு எழுதிருங்க, நா ஒருக்கா வாசிச்சுப் பாக்கணும்."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. இதை எப்படிச் சொல்வது? விசாரணை வரும் என்று பயந்தேன். ஓய்வு பெற இன்னும் சில வருடம்தானே, இந்த வயதில் எதற்கு என்று நினைத்தேன். இரண்டு தடவை ஆய்வுகூடத்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். "சரி அண்ணே. கட்டம் அங்கயேதான் இருக்கும்" என்று பதில் வந்தது. அதுதான் கடைசி.

மாரியாயியின் சவப்பெட்டியைத் தூக்கிப் போனபிறகு லயத்துப் பெண்களெல்லாம் பீலியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மயானத்திலிருந்து திரும்பியபோதும் அவருடைய அம்மா மட்டும் நனையாமல், அதே சேலையோடு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண்கள் கெஞ்சினார்கள்.

"நா குளிக்க மாட்டேன். அன்னைக்குக் குளின்னு சொன்னவ நாதானே? குளிச்சு என்னத்தக் கண்டேன்? போங்கடி."

நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, கோடு தப்புன்னு எனக்குத் தெரியும். மைய பாத்தவொடனயே தெரியும். நாதான் சொல்லல" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அஞ்சு நாளுமா தம்பி தெரியும்?"

"அஞ்சு நாளும் தெரியும்மா."

திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போங்க தம்பி. நீங்க போய்க் குளிங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிறகு குளித்தாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை ஆய்வுகூடத்துக்குப் போனேன். மாரியாயியின் வால்வுத் துண்டு மற்றவர்களுடையதைப் போலவே ஓர் இலக்கத்தோடு குளிர்பெட்டியில் இருந்தது. தர்ஷினி படிவத்தை எடுத்து வைத்தாள். நான் எழுதினேன்: ஐந்து நாட்கள், கோடு ஒரு விரல் இருதயப் பக்கமாகத் தள்ளி இருந்தது, நோயாளியே போட்ட கோடு என்பதை முதல் நாளே கண்டுகொண்டும் நான் தெரிவிக்கவில்லை. என் பெயரை எழுதினேன். எல்லாம் சேர்த்து மூன்று வரிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

எழுதி முடித்துத்தான் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். "வாசித்துச் சரிபார்த்தேன்" என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. மாரியாயி. சத்திரசிகிச்சைக்குப் போவதற்கு முந்தின நாள் வந்து போட்டுவிட்டுப் போனாராம். காலிக் கட்டத்துக்குக் கீழே ஒருநாளும் கையெழுத்துப் போடாதவர்.

தர்ஷினியிடம் கேட்டு அந்தத் தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் இயந்திரத்தைப் போடும் முன் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "கோடு அழிஞ்சிருந்தா சொல்லிருங்கம்மா, ஒங்க எடம் எங்கயும் போகாது" என்று சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது இந்த ஒரு வார்த்தைதான்.