அந்தூரியத்துக்குப் பிடித்த குடை

ஒக்டோபர் பதினாறு, பின்னேரம் மூன்று மணி பத்து. வெள்ளவத்தையில் நல்ல வெயில், கூடவே இடிமுழக்கம். மொட்டைமாடியில் ஈரமண் வாசம் வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

கொட்டாஞ்சேனை வீட்டில் அப்பா, கோயில் திருநாளுக்கென வளர்த்த அந்தூரியப் பூச்செடியின் தண்டோடு அம்மாவின் குடையை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பூசைக்கு நனைஞ்சோ போறது?" என்றார் அம்மா.

"நீர் நனைஞ்சா காயலாம். இது அழுகிப்போகும்."

காற்று வந்தது. குடை, செடியை வேரோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வளவுக்குப் போனது. செடி செத்தது; குடை மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது.

நான் அப்படி ஏமாறுவேனா? இப்போது மொட்டைமாடியில் என் அந்தூரியத்துக்கு மேலே மனைவியின் குடையைக் கம்பியில் கட்டினேன். காற்றில் அது மேல்நோக்கி மடங்கி, நடுவில் கிழிந்து, மழை முழுவதையும் பூச்சட்டிக்குள் ஊற்றியது.

"மாமாவுக்குக் குடையாவது மிஞ்சினது," என்றாள் அப்பாவின் கதை தெரிந்த மனைவி.

புதுச்செடி, புதுக்குடை, கயிறு உட்பட மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.