அடையாளம் வைக்காத கன்னையா

"மார்க் போட்டுக் கழட்டுறவன் மெக்கானிக் இல்ல லா, கணக்கு எழுதுற கிராணி. பதினெட்டு வருசமா என் வண்டி ஷாஃப்ட எறக்கி ஏத்துறேன். ஒரு தடவகூட மார்க் போட்டதில்ல. எல்லாம் இங்க இருக்கு!"

இப்படிச் சொல்லிக் கன்னையா தம் நெற்றியைத் தொட்டுக் காட்டிய வரலாற்றுச் சம்பவம் 2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நேரம், ரசம் முடிந்து மோர் வராத இடைவெளி. தொட்ட விரலில் ரசம் இருந்தபடியால் நெற்றியில் ஓர் அடையாளம் விழுந்தது. பக்கத்தில் இருந்த மனைவி அமுதவள்ளி கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார்.  எதிரே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ரெங்கசாமி, கொள்கலன் லோரி ஓட்டுபவர், மனம் நெகிழ்ந்து தம் அப்பளத்தைக் கன்னையாவின் இலையில் வைத்தார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பழகாத பாவப்பட்டவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். பழைய ஃபோர்வீல் வண்டியின் வயிற்றடியில், கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களை நோக்கி ஒரு நீண்ட இரும்புக் குழாய் ஓடும். அதுதான் ஷாஃப்ட். வண்டி போகும்வரை அது சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு முனையிலும் வட்டமான இரும்புத் தட்டு, தட்டுக்கு நான்கு போல்ட். கழற்றும்போது எந்தத் துளை எந்தத் துளையோடு சேர்ந்திருந்தது என்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டால், மாட்டும்போது பழைய ஜோடியே சேரும். ஜோடி மாறினால் ஷாஃப்ட் சமநிலை தவறிச் சுழலும், வண்டி சாமி வந்தது போல ஆடும். ஆகவே உலகத்து மெக்கானிக்குகள் எல்லாரும் புள்ளி வைக்கிறார்கள். கன்னையா வைப்பதில்லை.

துறைமுகப் பணிமனையில் அவர் முப்பத்தோரு வருடம் டயர் பிரிவில்தான் இருந்தார் என்பதும், அங்கே ஷாஃப்ட் பக்கம் அவரை யாரும் விட்டதில்லை என்பதும் அன்றைய சாப்பாட்டுக் கடைச் சொற்பொழிவில் இடம்பெறவில்லை. அவருடைய ஷாஃப்ட் புகழ் முழுவதும் பண்டமாரானில் இருந்த தம் வீட்டு வாசலில், சொந்த வண்டியில் சம்பாதித்தது. இருந்தாலும் உண்மையை மறைக்கக் கூடாது. பதினோரு முறை இறக்கினார், பதினோரு முறை ஏற்றினார், ஒரு முறையும் வண்டி ஆடவில்லை.

அந்தப் பதினோரு முறையும் அமுதவள்ளி உடன் இருந்தார். அட்டையை விரிப்பது, கேட்ட நம்பர் ஸ்பேனரைக் கையில் வைப்பது, இறக்கியதை மண்ணெண்ணெயில் கழுவுவது, மாட்டும்போது மறுபக்கம் படுத்துக் குழாயின் இன்னொரு முனையைத் தாங்கிக்கொள்வது ஆகிய அற்பப் பணிகள் மட்டும் அவருடையவை. தாங்குவதிலும் அந்த அம்மாளுக்கு ஒரு குறை உண்டு. கை ஒரு நிலையில் நிற்காது.

"இருங்க, கை வலிக்குது. கொஞ்சம் திருப்பிப் புடிச்சிக்கிறேன்" என்பார்.

"ஒரு எடத்துல ஒழுங்கா புடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று கன்னையா அதட்டுவார். அம்மாள் சிரித்துக்கொண்டே திருப்புவார். கன்னையா போல்ட்டைப் போடுவார்.

இன்னொரு குறையும் உண்டு. ஊசிநூல் வைக்கும் பிஸ்கட் டின்னில் ஒரு சிவப்புக் கியூட்டக்ஸ் புட்டி வைத்திருப்பார். நகத்தில் பூசி ஒருநாளும் கன்னையா பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டால், "ஆசைக்கு" என்பார். கிழவியின் ஆசையைப் பற்றிக் கன்னையா ரெங்கசாமியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அமுதவள்ளி போய்விட்டார். காலையில் தலைசுற்றல் என்றார். மாலையில் இல்லை.

அதற்குப் பிறகு கன்னையா அரை டம்ளர் அரிசி வடிக்கக் கற்றுக்கொண்டார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்காரக் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு சுபாங் ஜெயாவில் இருக்கும் மகள் மாதவி வீட்டுக்குப் போய்வந்தார். மற்ற ஆறு நாளும் வண்டியைத் துடைத்தார். அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்கிறார் என்று கேட்டால், பேச்சுத் துணை என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் ஒருநாள் பேசியது. கியரை மாற்றும்போதெல்லாம் அடியில் "டொக்" என்றது.

கன்னையா கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகினார். முனையில் இருக்கும் மூட்டு, கிராஸ் என்பார்கள், தேய்ந்து ஆடியது. அற்ப விஷயம். புதிய கிராஸ் வாங்கினார். முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார், பின்பக்கம் ஜாக்கி ஏற்றி முட்டுக் கொடுத்தார், நியூட்ரலில் போட்டார், அட்டை விரித்தார், உள்ளே போனார். புள்ளி வைக்கவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனர் நழுவி எட்டாத இடத்தில் விழுந்தது. கன்னையா வலது கையை வண்டிக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, "பதினாலு" என்றார்.

கை காத்திருந்தது. வெயில் உள்ளங்கையில் விழுந்தது. கை இன்னும் கொஞ்சம் நீண்டு, "பதினாலு குடு" என்றது.

வேலிக்கு அப்பால் ரெங்கசாமி லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, வண்டிக்கு அடியில இருந்து கை நீட்டறீங்க? சில்லறை இல்ல லா, அப்புறம் வாங்க!" என்றவர், சொன்ன பிறகுதான் அந்தக் கை யாரிடம் கேட்கிறது என்று விளங்கி, குழாயை மூடினார். "இருங்கண்ணே, நான் வந்து எடுத்துத் தரேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றது வண்டியின் அடி. கை உள்ளே போய்விட்டது.

புதிய கிராஸ் ஏறியது. ஷாஃப்டை நெஞ்சில் வைத்துத் தூக்கித் தனியாகவே மாட்டினார். டொக் சத்தம் போய்விட்டது. அந்த ஞாயிறு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையோடு ஹைவேயில் ஏறினார். வேகம் எழுபதைத் தொட்டதும் வண்டி நடுங்க ஆரம்பித்தது. எண்பதில் முகப்பில் ஒட்டியிருந்த பிள்ளையார் இடம்பெயர்ந்து மாதவியின் மடியில் வந்து விழுந்தார்.

"அப்பா, என்னப்பா இப்படி ஆடுது?"

"ரோடு சரியில்ல."

"புது ரோடுப்பா இது. பக்கத்துல போற மோட்டார்சைக்கிள்கூட ஆடல."

கன்னையா வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லோரிகள் எல்லாம் அவர் ஞாபகசக்தியைப் பற்றி ஹார்ன் அடித்துக் கருத்துத் தெரிவித்தன.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்றாள் மாதவி, பிள்ளையாரைத் திரும்ப ஒட்டியபடி. "கழட்டினத மாட்டத் தெரியல. போன வாரம் கேஸ மூட மறந்துட்டீங்க. தனியா இருந்தது போதும்ப்பா. என் ஆபீஸ்ல குகன்னு ஒருத்தர், பழைய ஃபோர்வீல் தேடிக்கிட்டு இருக்கார். அடுத்த ஞாயிறு வண்டிய அவர்கிட்ட குடுத்துட்டு எங்ககூட வந்துடுங்க. பதினேழாவது மாடி, காத்து பிச்சிக்கிட்டுப் போகும்."

"ஆடாம கொண்டாந்தா?"

மாதவி கொஞ்சம் யோசித்தாள். "ஆடாம கொண்டாந்தா இதப் பத்திப் பேசவே மாட்டேன்."

ஆக, கன்னையா பண்டமாரானில் இருப்பாரா, பதினேழாவது மாடியில் காற்று வாங்குவாரா என்பது ஒரு குழாயின் கையில் வந்து நின்றது.

திங்கட்கிழமை அவர் கணக்குப் போட்டார். முன்தட்டில் நான்கு நிலை, பின்தட்டில் நான்கு நிலை, குழாய் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் இரண்டு நிலை. மொத்தம் முப்பத்திரண்டு வழி. அதில் ஒன்று சரி. எது என்று நெற்றியைக் கேட்டார். நெற்றி வாய் திறக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று வழிகளைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கழற்றி, திருப்பி, மாட்டி, துறைமுகச் சாலையில் எழுபதுக்கு விட்டு, பிள்ளையாரைப் பார்ப்பார். பிள்ளையார் ஆடுவார். வியாழன் மாலை கழற்றும்போது ஷாஃப்ட் நழுவி விலாவில் விழுந்தது. "ஐயோ" என்றார். என்ன ஆச்சு என்று கேட்க யாரும் இல்லாததால் இரண்டாவது ஐயோ சொல்லவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார்.

வெள்ளிக்கிழமை மாட்டத் தெம்பு இல்லை. சும்மா இருக்கவும் பிடிக்கவில்லை. கழுவலாம் என்று தோன்றியது. இவ்வளவு நாளும் துணியால் துடைத்ததோடு சரி. கழுவும் இலாகா எப்போதும் அவருடையது அல்லவே. அமுதவள்ளியின் பேசினை எடுத்தார், மண்ணெண்ணெய் ஊற்றினார், பழைய பல்துலக்கியால் தட்டின் ஓரத்தைத் தேய்த்தார். பல வருடக் கிரீஸ் கறுப்பாய்க் கரைந்து ஓடியது.

கறுப்புக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

சோள அளவில் ஒரு புள்ளி. கன்னையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மறுமுனைத் தட்டைத் தேய்த்தார். அங்கேயும் ஒன்று. நடுவில் செருகும் இடத்தில் எதிரெதிரே இரண்டு. துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து, கியர் பெட்டிப் பக்கத்துத் தட்டைத் துடைத்தார். ஒன்று. பின் அச்சுப் பக்கம். ஒன்று. ஒரு தடவை வைத்தது அல்ல. மங்கலின்மேல் மங்கல், ஏடு ஏடாக, பதினோரு தடவை வைத்த சிவப்பு.

*இருங்க, கை வலிக்குது. கொஞ்சம் திருப்பிப் புடிச்சிக்கிறேன்.*

அந்த அம்மாளுக்குக் கை ஒருநாளும் வலித்ததில்லை என்பது, அட்டைமேல் மல்லாந்து கிடந்த கன்னையாவுக்கு அப்போது தெரிந்தது. ரொம்ப நேரம் அவர் வெளியே வரவில்லை. கண்ணில் மண்ணெண்ணெய் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தேய்த்த தேய்ப்பில் இரண்டு புள்ளிகள் பாதி உதிர்ந்துவிட்டன. பிஸ்கட் டின்னைத் திறந்தார். புட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு முக்கில் இருந்த கடைக்கு நடந்தார்.

"கியூட்டக்ஸ் இருக்கா? செவப்பு."

கடைப்பெண் ஒரு தட்டு நிறையப் புட்டிகளை எடுத்து வைத்தாள். "எந்தச் செவப்பு அங்கிள்? இது டார்க், இது கொஞ்சம் ஷைனிங். ஆன்டிக்கா?"

கன்னையா புட்டிகளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"ஆன்டி கலரா, மாநிறமா?"

"மாநிறம்."

"அப்ப இது எடுங்க. அவங்க கைக்கு எடுப்பா இருக்கும்."

கன்னையா அதையே வாங்கினார்.

சனிக்கிழமை ஷாஃப்டின் ஒரு முனையைக் கைலியால் கட்டித் தொங்கவிட்டு, புள்ளியைப் புள்ளியோடு சேர்த்து மாட்டினார். மறுநாள் சுபாங் ஜெயாவில் மாதவி ஏறி உட்கார்ந்தாள். ஐம்பது, அறுபது, எழுபது. அவள் இரண்டு கையையும் ஏந்தி, பிள்ளையாருக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எண்பது. தொண்ணூறு. பிள்ளையார் கல்லுப்பிள்ளையார் போல இருந்தார். மாதவி கையை எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் குகனுக்கு ஏதோ தட்டினாள்.

"கேஸையாவது மறக்காம மூடுங்கப்பா" என்றாள்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது ரெங்கசாமி வேலியோரம் நின்றிருந்தார்.

"மாதவி போன் பண்ணிச்சு. ஒரு ஆட்டம் இல்லையாமே! பிரிக்பீல்ட்ஸ்ல சொன்னது இன்னும் காதுல இருக்குண்ணே. இந்த வயசுலயும் மார்க் போடாம மாட்டிட்டீங்க பாருங்க, நீங்க கிங் லா!"

பதினேழு வருடத்துக்குப் பிறகு அதே புகழ்மாலை அதே கழுத்துக்கு வந்தது. ஆமாம் என்று தலையை லேசாக ஆட்டினால் போதும், கழுத்தில் விழுந்துவிடும். கன்னையா ஆட்டவில்லை. அட்டையை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினார்.

"படுத்துப் பாரு, ரெங்கா."

ரெங்கசாமி முனகிக்கொண்டே படுத்து உள்ளே நகர்ந்தார்.  பிறகு அடியிலிருந்து கேட்டார்.

"யாருண்ணே இதெல்லாம் வெச்சது?"

"பழசு அவ" என்றார் கன்னையா. "மேல இருக்கற புதுசு நான்."