புளி போட்டுத் தேய்த்த றிவோல்வர்

ஒஸ்லோவில் நான் பல வருடம் வீடு துப்புரவாக்கிக் கொடுத்த நோர்வேக்கார அம்மா, தன் தகப்பனின் கைத்துப்பாக்கியை, ஒரு றிவோல்வரை, எனக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தார். உரிமம் தேவைப்படாத அளவுக்குப் பழையது. அப்போது யாழ்ப்பாணத்தில் என் தங்கை சாகக் கிடந்தாள். அதை விற்றால்தான் நான் விமானம் ஏற முடியும்.

மகள் படம் அனுப்ப, பழம்பொருள் கடைக்காரர் நல்ல விலை சொல்லி, நேரில் கொண்டுவரச் சொன்னார். கறுத்துப்போன பொருளை அப்படியே கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மகளிடமும் சொல்லாமல், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன்.

கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"படத்திலை இருந்த துவக்கு எங்கையெண்டு கேக்கிறார். என்னம்மா செய்தனீங்கள்?"

"ஊத்தையாக் கிடந்தது பிள்ளை. மினுக்கினனான்."

"அந்தப் பழைய நிறத்துக்குத்தானாம் விலை. இனி ஒருத்தரும் வாங்க மாட்டினமாம்."

நான் கைகூப்பிக் கெஞ்சினேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். தங்கையின் முகத்தைக் கடைசியாகக் கைபேசியில்தான் பார்த்தேன்.

துடைக்கலாமா என்று முதலே ஒரு சொல் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், பழைய பொருள் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.