அம்சவேணியின் மஞ்சள் பல்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வலி ஒன்றுமில்லை, மகளின் பிடிவாதம். "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களாம்மா? நல்லா தேஞ்சிருக்கு. ஆனா கூச்சமே இல்ல பாருங்க. மேல தேயத் தேய உள்பக்கம் பல்லு தானா கனமாயிடுச்சு" என்றார் அந்த இளம் டாக்டர். நான் ஏதோ சாதித்துவிட்டவள் போல மகளைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினேன் என்று நான் சொல்வது வெறும் பேச்சில்லை போலிருக்கிறது.

அங்கே அடித்த கிராம்பு எண்ணெய் வாசனையில் அம்சவேணி ஞாபகம் வந்தாள். திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், ஓர் அரசு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் தட்டச்சர்கள். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவாள். ஒருநாள் காலை பால் கறக்கும்போது கன்றுக்குட்டி முட்டி, அவளுடைய முன்பல் ஆடிப்போனது. வீங்கிய உதட்டோடு தயிர்சாதத்தை விழுங்கினாள். சில வாரத்தில் பல் நின்றுவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். ஒரு வருஷம் போனபிறகு அந்தப் பல் மட்டும் மெல்ல மஞ்சளாகத் தொடங்கியது. உப்பு, கரி என்று என்னென்னவோ தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

அந்தச் சமயம்தான் போளூர் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார். எல்லாம் பிடித்துப்போனபின் அவருடைய அக்கா சொல்லியனுப்பினாள்: "அந்தப் பல்லு செத்துப்போச்சு. புடுங்கிட்டு வேற கட்டிக்கட்டும், மேல பேசலாம்." அம்சாவின் அப்பா சரியென்றுவிட்டார். துணைக்கு நான் போனேன்.

தேரடி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பல் டாக்டரின் அறை. எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பக்கத்துப் பல்லின் நடுவே நரம்பு ஓடும் வழி தெளிவாகத் தெரிந்தது. அடிபட்ட பல்லில் அது மயிரிழையாகச் சுருங்கியிருந்தது.

"சாகலம்மா. அடிபட்டதும் பல்லு உள்ளயே சுவரு எழுப்பிக்கினு வருது. நரம்பு இருக்கிற எடம் அடைபடுது. அதான் மஞ்சளா தெரியுது."

"கெட்டுப்போவுமா சார்?" என்றாள் அம்சா.

"சில பேருக்குப் பின்னால சீழ் வைக்கும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆவாது. வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப எனக்கு வேலை இல்ல. கல்யாணத்துக்காகப் புடுங்கணும்னா நீதான் சொல்லணும்."

அம்சா நாக்கால் அந்தப் பல்லைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு புடவையைக்கூடத் தனியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாத நான், "புடுங்கிடுடி, ஒரு பல்லுதானே" என்று கிசுகிசுத்தேன். அவள் எழுந்துவிட்டாள். "அது பாட்டுக்குத் தன்னைச் சரிபண்ணிக்கினு கீது. நான் எதுக்குப் புடுங்கணும்?"

போளூர்க்காரர்கள் விலகிக்கொண்டார்கள். அப்பா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. கோப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று ஒருமுறை அழுதாள்; நான் கவனிக்காததுபோல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துச் செங்கத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே மாற்றலும் வாங்கிப் போனாள். கல்யாண போட்டோவில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்திருந்தாள்.

டாக்டர் இருந்த மாடி இப்போது லாட்ஜ். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு மிஷின் சத்தமே இல்லை. செங்கத்திலிருந்து அம்சா சில வருஷம் இன்லண்ட் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிக் கடிதத்துக்கு நிதானமாக, விரிவாகப் பதில் எழுதலாம் என்று எடுத்து வைத்தேன். வேங்கிக்காலுக்கு வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. புது விலாசத்தை அவள் அதில்தான் எழுதியிருந்தாள்.