கடைசி ஆளாக நடந்த மேரிசெல்வி

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடம் கூடை சுமந்தவள் மேரிசெல்வி. இப்போது உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் இருக்கிறாள். சூப்பர்வைசர் வேலைக்கு இரண்டு தடவை பெயர் கொடுத்தாள். இரண்டு தடவையும் மேனேஜர் ஒரே பதில்தான் சொன்னார்: "நல்லா வேல செய்றீங்கம்மா. ஆனா நாலு பேர நடத்தத் தெரியணுமே?" பதினாறு பெண்களைக் கூடையோடு உப்பள வரப்பு மேல் நடத்திப் போனவளிடம் பேசுகிற பேச்சா இது!

இந்தத் தடவை கம்பெனி புதுச்சேரி ஓட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி வைத்தது. அதில் தேறுகிற ஆளுக்குத்தான் வேலை.

இரண்டாம் நாள், பயிற்சி கொடுக்க வந்த ஜெயப்ரியா ஒரு போட்டி வைத்தார். மூன்று குழு, குழுவுக்கு ஆறு பேர், அதுபோக ஒரு தலைவர். ஆறு பேருக்கும் கண்ணைக் கட்டி, ஒரு கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளர். இன்னொரு கையால் முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும். கண் திறந்திருக்கும் தலைவர் வாயால் மட்டும் வழி சொல்லலாம்.

ஒரு குழுவுக்குத் தலைவரான மேரிசெல்வி, முழங்கால் வலிக்காரரான ஸ்டோர் ஜான்சனை முதலில் நிறுத்தினாள். தான் வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள். பக்கத்துக் குழுத் தலைவர் தேவநாதன், இதே வேலைக்குப் போட்டி போடுகிறவர், சிரித்துவிட்டார்.

"ஏம்மா, லீடர் பின்னாடியா நிப்பாங்க? ஆடா ஓட்டிட்டுப் போற?"

"தலையில உப்புக் கூட இருந்தா கழுத்தத் திருப்ப முடியாது சார். எவ வழுக்குறான்னு பின்னாடி வர்றவளுக்குத்தான் தெரியும்."

விசில் ஒலித்தது. தேவநாதன் முன்னால் ஓடினார், பக்கவாட்டில் ஓடினார், கத்தோ கத்தென்று கத்தினார். மேரிசெல்வி வரிசையின் பின்னாலிருந்து விலகவே இல்லை. "ஜான்சண்ணே, மெதுவா. உங்க நடதான் எல்லாருக்கும். பூவிழி, இடது கால் தள்ளி வை." ஜான்சன் நடைக்கு ஆறு பேரும் நடந்தார்கள்.

தேவநாதன் குழு முதலில் வந்தது. மேரிசெல்வி குழு கடைசி. போச்சுடா சாமி என்று நினைத்தாள்.

"கண் கட்ட யாரும் அவுக்காதீங்க," என்றார் ஜெயப்ரியா. "உங்க லீடர் எங்க நிக்கிறாங்க? கை காட்டுங்க."

தேவநாதன் குழுவில் ஆறு கையும் ஆறு திசைக்குப் போயின. ஒருவர் ஏசியைக் காட்டினார். டம்ளரில் பாதித் தண்ணீர்கூட இல்லை.

மேரிசெல்வி குழுவில் ஆறு பேரும் முதுகுப் பக்கம் கை நீட்டினார்கள். ஆறும் நேரே அவளைக் காட்டின. டம்ளர்கள் நிறைந்திருந்தன.

ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த, இரண்டு தடவை வேண்டாமென்ற மேனேஜரே எழுந்து கை தட்டினார். "திங்கக்கெழமையிலருந்து நீங்கதாம்மா சூப்பர்வைசர்!"

மேரிசெல்வி தன் வரிசையைப் பார்த்தாள். ஜான்சன் இன்னும் கண்கட்டோடு, அவள் குரலுக்காகக் காத்து நின்றார்.

"வந்து சேந்துட்டோம்ண்ணே," என்றாள். "கட்ட அவுத்துடுங்க."