அரூரில் ஓர் உறைக்காக

காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின், சென்னை சென்ட்ரலில் கோயம்புத்தூர் ரயில் நகர்ந்தபோது என் பையில் இருந்தவை: பாதுகாப்புக் கண்ணாடி, மாற்றுச் சட்டை, தண்ணீர், என்னுடைய கறுப்பு பிளாஸ்டிக் உறை, செய்தித்தாளில் சுற்றிய வேறொருவரின் தோல் உறை. துப்பாக்கி கிடையாது. அதை அரூர்க்காரர்கள் தருவார்கள்.

உறை என்று நான் சொல்வது, இடுப்பு வாரில் கோத்துப் பிஸ்டலைச் செருகி வைப்பதை. அம்பத்தூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். எங்கள் கிளப்புக்கும் அரூர்ப் பக்கம் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் சிலருக்கும் வருடம் ஒருமுறை நட்புப் போட்டி நடக்கும். அணிக்கு மூன்று பேர். கோப்பை இல்லை, பணம் இல்லை. தோற்ற அணியில் கடைசியாகச் சுட்டவர் தன் உறையைக் கழற்றி ஜெயித்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருடம் ஜெயித்து மீட்டுக்கொள்ளலாம்.

போன வருடம் அரூர் தோற்றது. கடைசியாகச் சுட்டவர் தங்கராசு, டாங்கிப் படையில் தஃபதாராக, அதாவது ஹவில்தாருக்குச் சமமான பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாக அவருடைய தோல் உறை எங்கள் கிளப் சுவரில் தொங்கியது. இந்த முறை அதைச் சுமந்து போகும் வேலை அணியின் புது ஆளான எனக்கு வந்தது. கடைசியாகச் சுடும் இடமும் எனக்குத்தான். "புது ஆளைத்தான் கடைசியில் நிறுத்துவோம்" என்றார் எங்கள் அணித் தலைவர் பிரபாகர். ஏன் என்று கேட்டேன். "தோத்தா உன் உறைதானே போகும்" என்றார்.

பத்தரை மணிக்கு மொரப்பூர். சென்னையிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். பிளாட்பாரத்தில் எங்களோடு இறங்கியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஸ்டேஷனுக்கு வெளியே அரூர் டவுன் பஸ் நின்றிருந்தது. பிரபாகர் மூன்று டிக்கெட் கேட்டார்.

"லேடீஸுக்கு டிக்கெட் இல்லீங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் இருபத்தாறு ரூவா எடுங்க" என்றார் கண்டக்டர். பிறகு என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "என்னாங்க அது, செருப்பா?"

"துப்பாக்கி உறைங்க."

"துப்பாக்கி?"

"அது அங்க இருக்கு."

அரூர் வரும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பதினொன்றரைக்கு அரூர் பஸ் ஸ்டாண்டில் தங்கராசு பைக்கோடு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. வணக்கம் சொன்னார். கண் மட்டும் என் கையிலிருந்த பொட்டலத்திலேயே இருந்தது.

"பூஞ்சை கீஞ்சை புடிச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க. மாசம் ஒரு தடவை எண்ணெய் போட்டோம்."

"என்னா எண்ணெய்?"

எனக்குத் தெரியவில்லை. பிரபாகர் "தேங்காய் எண்ணெய்" என்றார். தங்கராசு கண்ணை மூடித் திறந்தார். பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "ஜெயிச்சிட்டு வாங்கிக்கிறேங்க" என்று ஆட்டோவைக் கைகாட்டினார்.

ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் பக்கச் சுவர் இல்லாத நீளமான தகரக் கொட்டகை. ஒரு முனையில் உரச் சாக்குகளில் மண் நிரப்பி ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் முன்னால் மூன்று இலக்குத் தாள்கள். மறுமுனையில் ஒரு மேஜை. இடையே பத்து மீட்டர். பழக்கத்தில் என் அளவு நாடாவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர் கூட இருந்தது. சொன்னேன். மேஜையை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினார்கள், யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடம் அப்போதே பிடித்துவிட்டது.

பிஸ்டலைப் பார்த்ததும் கை பரபரத்தது. ராணுவத்தில் கொடுக்கும் 9 எம்.எம். பிஸ்டலின் அதே வடிவம், ஏறக்குறைய அதே எடை. சுடுவது மட்டும் வாயுக் குப்பியின் அழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு. எங்கள் கிளப் பிஸ்டலின் பிடி விரல்களுக்கேற்பச் செதுக்கிய மரம். இது தட்டையானது, யார் கைக்கும் பொதுவானது. தூக்கி நீட்டினால் முனை தானாகக் கீழே இறங்கப் பார்க்கிறது.

நடுவர் ரோஸ்லின் மேடம், ராணுவ மருத்துவமனையில் மேஜராக இருந்த நர்ஸ். விதிகளை அவரே சொன்னார். பிஸ்டல் இடுப்பு உறையில் இருக்க வேண்டும். விசில் அடித்ததும் உருவி இருபது வினாடிக்குள் ஐந்து குண்டுகள், மொத்தம் ஐம்பது புள்ளி. முடித்ததும் காலி என்று காட்டிவிட்டு மீண்டும் உறையில் வைக்க வேண்டும்.

"கையில இருக்கணும், இல்லன்னா உறையில இருக்கணும். வேற எங்க வெச்சாலும் அது அநாதை. பத்துப் புள்ளி போயிடும்."

இங்கேதான் இரண்டு உலகங்கள் மோதுகின்றன. எங்கள் கிளப்பில் உறையே கிடையாது. சுட்டு முடித்தால் பிஸ்டலை மேஜையில் இலக்கைப் பார்த்து வைத்து, கையை எடுத்து, ஓரடி பின்னால் நகர வேண்டும். அதுதான் ஒழுங்கு. இவர்களுக்கோ ஆயுதத்தைக் கீழே வைப்பது அதைக் கைவிடுவது. இந்தப் போட்டிக்காகவே இணையத்தில் 850 ரூபாய்க்கு உறை வாங்கி, அதே வடிவப் பொம்மைத் துப்பாக்கியோடு மூன்று வாரம் பழகியிருந்தேன். பிஸ்டலைச் செருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும்.

தங்கராசு அதைத் தட்டிப் பார்த்தார். "சோப்பு டப்பா மாதிரி இருக்குதுங்களே."

"விடுங்க, உங்க இடுப்புல இருக்கறதே இரவல்" என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி சாந்தி. பிறகு என்னிடம், "ஒரு வருசமா வூட்ல இதே பொலம்பல்ங்க. சாமான் எதாச்சும் காணம்னு நான் தேடுனா, என் உறையே மெட்ராஸ்ல தொங்குதுங்கிறாரு."

அந்த உறை அரசு கொடுத்தது இல்லையாம். பணியில் இருந்தபோது கான்டோன்மென்ட் பஜாரில் சொந்தக் காசில் தைத்தது. டாங்கிக்குள் இருக்கும் குறுகிய இடத்தில் உட்கார்ந்தால் இடிக்காதபடி வாரைச் சற்றுச் சாய்த்துத் தைக்கச் சொன்னாராம். "பிஸ்டல் சர்க்காருது. திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். உறை ஒண்ணுதாங்க என்னுது." அன்று அவர் இரவல் கேன்வாஸ் உறையைத்தான் கட்டியிருந்தார். அவருடையதைத் தூணில் அடித்த ஆணியில் நான் மாட்டியிருந்தேன்.

பன்னிரண்டரைக்குத் தொடங்கினோம். முதல் இரண்டு ஜோடிகள் முடிந்தபோது இரு அணிக்கும் 86. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் சேர்ந்து கொட்டகையைச் சுற்றி நல்ல கூட்டம். மீதி தங்கராசும் நானும்.

அவர் முதலில். விசில் ஊதியதும் அவர் கை போன வேகத்தை நான் பார்க்கவில்லை, பிஸ்டல் நீண்டிருப்பதைத்தான் பார்த்தேன். ஐந்து குண்டுகள், 45. கூட்டம் விசிலடித்தது.

பிறகு நான். முதல் குண்டு எட்டு. பிஸ்டலின் எடையை மணிக்கட்டில் தாங்காமல் தோளில் தாங்கினேன். ஒன்பது. ஒன்பது. பத்து. இருபது வினாடி முடிந்து விசில் வரப்போகிறது என்று தெரிந்தும் மூச்சை முழுதாக விட்டு அழுத்தினேன். பத்து. 46! ஜெயித்துவிட்டோம். காலி என்று மேடத்திடம் காட்டினேன், பிஸ்டலை மேஜையில் அழகாக இலக்கைப் பார்த்து வைத்தேன், ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"அநாதை!"

கொட்டகை முழுக்க ஒரே குரல். குனிந்து இடுப்பைப் பார்த்தேன். சோப்பு டப்பா காலியாக இருந்தது. ஏழு வருடப் பழக்கம் மூன்று வாரப் பழக்கத்தை ஒரு நொடியில் தள்ளிவிட்டிருந்தது.

"முப்பத்தாறு. அரூர் ஜெயிச்சாச்சு" என்றார் ரோஸ்லின் மேடம்.

சாந்தி கைதட்டினார். தங்கராசு தூணுக்குப் போய் உறையின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. திரும்பி வந்தார்.

"மேடம், ஆளுக்கு ஒரு குண்டு போடலாங்களா?"

"எதுக்கு? விதின்னா விதிதான், தஃபதார்."

"அந்தப் பொண்ணு சுட்டது நாப்பத்தாறுங்க. என்னைய விட ஒண்ணு கூட. மேஜையில வெச்சதுக்காக எனக்கு உறை குடுத்தீங்கன்னா அது இடுப்புல நிக்காதுங்க."

"அட, வந்த உறைய வேணாங்கிறாரு பாரு!" என்று சாந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் பிரபாகரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். "ஒரே குண்டு. சமமா வந்தா என் தீர்ப்புதான் நிக்கும்" என்றார் மேடம்.

நான் முதலில். இப்படிக் கேட்ட மனிதருக்கு எதிராக எப்படிச் சுடுவது என்று ஓர் எண்ணம் எழுந்தது. தங்கராசு என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். "விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடுமுங்க. கோவம் வந்துடும்" என்றார்.

விட்டுக் கொடுக்கவில்லை. அன்று நான் சுட்டதில் மிகச் சுத்தமான குண்டு அதுதான். ஆனாலும் ஒன்பது. பத்தாவது வளையத்தின் கோட்டை அது தொடவில்லை. குனிந்து நானே பார்த்தேன்.

பிஸ்டலை டக்கென்று உறையில் செருகினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒன்பது வந்தாலே மேடத்தின் தீர்ப்புப்படி அரூர் ஜெயித்துவிடும், ஆனால் சுத்தமாக ஜெயிக்கத் தங்கராசுக்குப் பத்து வேண்டும். விசில். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. பிஸ்டல் மெதுவாக ஏறியது, நின்றது. டப்.

ரோஸ்லின் மேடம் தாளைக் கழற்றி எடுத்து வந்து என்னிடமே கொடுத்தார். நடுவில் ஓட்டை.

"பத்து!" என்று கத்தியது நான்தான். பிரபாகர் முறைத்தார்.

தூணிலிருந்து உறையை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் பழைய வாரில் கோத்தார் தங்கராசு. வார் எட்டவில்லை. ஒரு வருடத்தில் இடுப்பு ஒரு துளை அளவு பெருத்திருந்தது. "பொலம்பிக்கிட்டே களியா தின்னா இப்படித்தான்." என்றார் சாந்தி. யாரோ ஆணியைத் தேடிக் கொடுக்க, அங்கேயே புதுத் துளை போட்டார்கள். காலியான ஆணியில் என் உறையை நானே மாட்டினேன். கீழே சாக்பீஸால் "சென்னை, வித்யா" என்று எழுதினார் தங்கராசு. "நாங்க தேங்கா எண்ணெய் போட மாட்டோங்க" என்றும் சொன்னார்.

இரண்டு மணிக்குச் சாந்தி கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார். மாலை ரயிலில் இடம் பிடித்து உட்காரும் வரை எனக்கு வாய் ஓயவில்லை. தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலிருந்தும் கிளம்பியதில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் கிளப். குளிர்சாதன அறை, பேச்சுச் சத்தம் இல்லை, சுடுகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேஜை. ஐந்து குண்டுகளைச் சுட்டேன். காலி என்று காட்டினேன். பிஸ்டலோடு என் கை இடுப்புக்குப் போய் அங்கே எதையோ தேடியது.

"என்ன பண்ற? மேஜையில வை" என்றார் பயிற்சியாளர்.

வைத்தேன். விலகி நின்ற பிறகும் அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.